ஷேக்ஸ்பியரின் அப்பா: ஓட்டுக்கூரையில் கிடைத்த காகிதம் யாருடையது?

2024 மார்ச்சில் ஷேக்ஸ்பியர் குடும்பத்தைப் பற்றி ஒரு செய்தி வந்தது. இங்கிலாந்து புராட்டஸ்டண்ட் நாடாகி, கத்தோலிக்கர்கள் ஒளிந்து வாழ்ந்த காலம் அவர்களுடையது. வீட்டு ஓட்டுக்கூரையில் கிடைத்து, அவருடைய அப்பா ஜான் எழுதிவைத்ததாக இருநூறு வருஷத்துக்கும் மேலாகப் பேசப்பட்டு வந்த ஒரு ரகசியக் கத்தோலிக்க உறுதிமொழி, அப்பாவுடையதே இல்லை, தங்கை ஜோனுடையது என்று பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தின் மேத்யூ ஸ்டெகிள் எழுதினார். உடனே கேள்விகள் கிளம்பின. அப்படியானால் அந்தக் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பமா இல்லையா? அப்பா கையுறை தைத்தவரா, கசாப்புக்காரரா, மேயரா? எழுதப் படிக்கத் தெரியாதவரா? ஏழையா, பணக்காரரா?

ஒவ்வொன்றுக்கும் ஆதாரமாக ஏதாவது ஒரு பழைய காகிதத்தைக் காட்ட முடியும், சிக்கலே அதுதான். ஜான் ஷேக்ஸ்பியர் எழுதிய ஒரு கடிதம்கூட நம்மிடம் இல்லை. அவரைப் பற்றித் தெரிந்ததில் முக்கால்வாசி அபராதம், வழக்கு, அடமானம், நகரமன்றக் கணக்கு என்று மற்றவர்கள் எழுதிவைத்தது. அதில் ஒன்றை மட்டும் உருவி எடுத்துப் படித்தால் ஒரு ஆள் கிடைப்பார், இன்னொன்றை எடுத்தால் வேறு ஆள். வரிசையாக அடுக்கிப் படித்தால், என் கணக்கில், மதத்தைவிடக் கடன்தான் அவர் வாழ்க்கையை அதிகம் விளக்குகிறது.

முதலில் சில சொற்கள்

1. பணம்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அளவு பிடிபட ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: ஷேக்ஸ்பியரின் சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டில் இலக்கணப் பள்ளியின் ஆசிரியருக்கு வருஷச் சம்பளம் 20 பவுண்டு, குடியிருக்க வீடும் உண்டு. அது நல்ல சம்பளம்.

2. அந்தஸ்து: நிலத்தைக் குத்தகைக்கு உழுபவர் ஹஸ்பண்ட்மேன். ஓரளவு வசதியான, சொந்த நிலமுள்ள விவசாயி யோமன். அதற்கு மேலே கையழுக்காகாமல் வாழக்கூடியவர் ஜென்டில்மேன். இந்தக் கடைசிப் படி வெறும் மரியாதைச் சொல் அல்ல, அரசின் பதிவேட்டில் ஏற வேண்டிய தகுதி, அதன் அடையாளம் ஒரு குலச்சின்னம்.

3. பெயிலிஃப்: கோர்ட்டிலிருந்து ஜப்திக்கு வரும் அமீனா என்று நினைத்துவிட வேண்டாம். ஸ்ட்ராட்ஃபோர்டில் பெயிலிஃப் என்றால் நகரமன்றத் தலைவர், கிட்டத்தட்ட மேயர்.

4. டாட்: கம்பளி நிறுக்கும் எடை, 28 பவுண்டு, அதாவது ஏறக்குறைய பன்னிரண்டே முக்கால் கிலோ.

வயலிலிருந்து தெருவுக்கு

ஜானின் அப்பா ரிச்சர்ட், ஸ்ட்ராட்ஃபோர்டுக்குச் சில மைல் வடக்கே உள்ள ஸ்னிட்டர்ஃபீல்டு கிராமத்தில் குத்தகைக்கு உழுதவர். மகன் ஏர் பிடிக்கவில்லை, ஊருக்கு வந்து தோல் வேலை கற்றுக்கொண்டார்.

ஸ்ட்ராட்ஃபோர்டில் ஜானின் பெயர் முதன்முதலில் தென்படும் இடம் 1552 ஏப்ரல் மாத அபராதப் பதிவு. ஹென்லி தெருவில், ஒதுக்கப்பட்ட இடத்தில் கொட்டாமல் தெருவிலேயே எருக்குவியல் போட்டதற்காக அவருக்கும் இன்னும் இருவருக்கும் தலா ஒரு ஷில்லிங் அபராதம். அந்த இருவரில் ஒருவர் ஏட்ரியன் குவைனி, பின்னாளில் இவரோடு நகரமன்றத்தில் உட்கார்ந்தவர். இங்கிலாந்தின் மிகப் பெரிய நாடகாசிரியரின் குடும்ப வரலாறு குப்பை போட்ட கேஸில் தொடங்குகிறது என்று சிரிப்பவர்கள் உண்டு, ஆனால் ஒரு வரலாற்றாளருக்கு அந்த ஒரு ஷில்லிங் தங்கம். 1552-லேயே அவர் அந்தத் தெருவில் இருந்தார் என்பதற்கு வேறு சாட்சி கிடையாது.

தொழிலுக்கு வருவோம். 1556 வழக்குப் பதிவு அவரைக் கையுறைக்காரர் என்றே குறிக்கிறது. அதோடு சேர்ந்த வேலை வெள்ளைத்தோல் பதனிடுவது: ஆடு, செம்மறி, மான் தோலை மரப்பட்டை ஊறலில் போடாமல் படிகாரமும் உப்பும் சேர்த்து வெள்ளையாக, மெத்தென்று ஆக்கி, அதிலிருந்து கையுறை, பை, இடுப்புவார் செய்வது. பதினேழாம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி என்பவர் இவரைக் கசாப்புக்காரர் என்று எழுதிவைத்தார், 1709-ல் ஷேக்ஸ்பியரின் வாழ்க்கையை எழுதிய நிக்கலஸ் ரோ கம்பளி வியாபாரி என்றார், மூன்று கதையும் மோதுகின்றன என்று தோன்றும். செம்மறித் தோலை வாங்குகிறவரிடம் கம்பளியும் சேர்ந்துதானே வரும். கம்பளி விற்றார் என்பதற்கு வழக்கு ஆதாரமே இருக்கிறது, பார்ப்போம். கசாப்புக்கு ஆதாரம் இல்லை, தோல்காரரைப் பற்றி ஊர்வாயில் அப்படி ஒரு பேச்சு கிளம்பியது பெரிய ஆச்சரியமும் இல்லை.

அம்மா வழி

1557 வாக்கில் ஜான் மேரி ஆர்டனைக் கல்யாணம் செய்தார். மேரியின் அப்பா ராபர்ட் ஆர்டன், வில்ம்கோட் கிராமத்துக்காரர், ஸ்னிட்டர்ஃபீல்டில் ரிச்சர்ட் ஷேக்ஸ்பியர் உழுத நிலத்துக்குச் சொந்தக்காரர். குத்தகைக்காரரின் மகன் நிலச்சொந்தக்காரரின் மகளைக் கட்டினார் என்றால் எந்த ஊரிலும் நாலு பேர் பேசியிருப்பார்கள்.

மேரி எட்டு பெண்களில் கடைசி. ஆனாலும் 1556-ல் இறந்த ராபர்ட் தன் உயிலில் ஆஸ்பீஸ் என்ற நிலத்தையும் அதில் நின்ற பயிரையும், ரொக்கமாக 6 பவுண்டு 13 ஷில்லிங் 4 பென்ஸையும் அவளுக்கே எழுதினார். உயிலை நிறைவேற்றும் பொறுப்பையும் மேரிக்கும் அவள் அக்கா ஒருத்திக்கும் கொடுத்தார். கடைக்குட்டியிடம் அந்தப் பொறுப்பு போனதைப் பார்த்தால் மேரி விவரமான பெண் என்றே தோன்றுகிறது. இந்த ஆஸ்பீஸ் என்ற பெயரை மறந்துவிடாதீர்கள், பின்னால் குடும்பத்தைப் பத்து வருஷம் கோர்ட் வாசலில் நிறுத்தப்போவது இதுதான்.

பதவிப் படிகள்

ஜான் ஏறிய வேகம் நகரமன்றப் புத்தகங்களில் அப்படியே இருக்கிறது. 1556-ல் பீரின் தரம் பார்ப்பவர், 1558-ல் கான்ஸ்டபிள், 1561-லிருந்து நகரக் கணக்கைப் பார்க்கும் பொருளாளர், 1565-ல் ஆல்டர்மேன் என்ற மூத்த உறுப்பினர், 1568-ல் பெயிலிஃப். 1569-ல் அவர் பெயிலிஃபாக இருக்கும்போதுதான் நாடகக் கம்பெனிகள் நகரச் செலவில் ஸ்ட்ராட்ஃபோர்டில் ஆடியதாக முதல் பதிவு: அரசியின் குழுவுக்கு 9 ஷில்லிங், உஸ்டர் பிரபுவின் குழுவுக்கு 1 ஷில்லிங். வில்லியமுக்கு அப்போது வயது ஐந்து. அப்பாவின் மடியில் உட்கார்ந்து பார்த்தான் என்றெல்லாம் வாழ்க்கை வரலாறுகள் வர்ணிக்கும், பதிவேட்டில் இருப்பது இந்தப் பத்து ஷில்லிங் செலவு மட்டும்.

நடுவில் 1564. ஏப்ரல் 26-ல் வில்லியமுக்கு ஞானஸ்நானம். அதற்கு முன்னால் பிறந்த இரண்டு பெண் குழந்தைகளும் தங்கவில்லை. ஜூலையில் ஊருக்குள் பிளேக் நுழைந்து அந்த வருஷம் முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டுபோனது. ஆகஸ்டில் நகரமன்றம் கட்டடத்துக்குள் கூடுவதற்குப் பயந்து தோட்டத்தில் கூடியது, பாதிக்கப்பட்ட ஏழைகளுக்கு நிதி திரட்டியது, பணம் கொடுத்தவர்கள் பட்டியலில் ஜானும் இருக்கிறார்.

கைநாட்டா?

ஜான் பத்திரங்களில் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டதில்லை. குறி போட்டார், சில சமயம் வெறும் சிலுவைக் குறி, சில சமயம் கையுறைத் தோல் அளக்கும் கவராயத்தின் அழகான சின்னப் படம். இதை வைத்துத்தான் அவரைக் கைநாட்டு என்று சொல்கிறார்கள், 'கைநாட்டு மகன் எப்படி இவ்வளவு எழுதினான்' என்று நாடகங்களை வேறு யாருக்காவது தாரைவார்ப்பவர்களுக்கும் இதுதான் ஆரம்பப் புள்ளி.

அவசரப்பட வேண்டியதில்லை. அக்காலத்தில் எழுதத் தெரிந்தவர்களும் குறி போடுவது உண்டு, எருக்குவியல் கூட்டாளி ஏட்ரியன் குவைனி பத்திரங்களில் குறி போட்டிருக்கிறார், ஆனால் அவர் கைப்பட எழுதிய கடிதங்கள் இருக்கின்றன. அப்புறம், படிப்பதும் எழுதுவதும் அன்று தனித்தனியாகக் கற்ற வித்தை, படிக்க மட்டும் தெரிந்தவர்கள் நிறையப் பேர். நகரக் கணக்கைத் தன் முறை முடிந்த பிறகும் வேறு பொருளாளர்களுக்காகக் கவனித்துக் கொடுத்தவர் ஜான். சரளமாக எழுதினார் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது, ஆனால் காகிதத்தைக் கண்டு மிரண்டவர் இல்லை.

வட்டியும் கம்பளியும்

இப்போது கதையின் கனமான பகுதி. கையுறை தைத்து மட்டும் ஒருவர் இரண்டு மூன்று வீடுகளுக்குச் சொந்தக்காரர் ஆகிவிட முடியாது. பணம் வேறு வழியிலும் வந்தது.

1552 சட்டப்படி வட்டி வாங்குவதே குற்றம், எவ்வளவு குறைந்த வட்டியானாலும் சரி. 1571-ல்தான் பத்து சதவீதம் வரை கண்டுகொள்ளாமல் விட்டார்கள். அந்தத் தளர்வுக்கு முந்தைய வருஷம் ஜான்மேல் இரண்டு வழக்குகள்: ஒருவருக்கே 100 பவுண்டு கொடுத்து 20 பவுண்டு வட்டி பேசினார், இன்னொரு தடவை 80 பவுண்டுக்கு 20 பவுண்டு. இரண்டாவது 25 சதவீதம். ஒன்றில் 40 ஷில்லிங் அபராதம் கட்டினார்.

கம்பளியிலும் இதே கதைதான். உரிமம் பெற்ற பெரு வணிகர்களும் துணி நெய்வோரும் தவிர வேறு யாரும் கம்பளியை மொத்தமாக வாங்கி விற்கக் கூடாது என்பது சட்டம். நடைமுறையில் உரிமமில்லாத இடைத்தரகர்கள் கிராமம் கிராமமாகப் போய் வாங்கினார்கள், அவர்கள் இல்லாமல் சந்தையே நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். 1572-ல் ஜான்மேல் வந்த குற்றச்சாட்டுகளைக் கூட்டினால் 300 டாட். டாட் 14 ஷில்லிங் என்று வைத்தால் 210 பவுண்டு, அந்தப் பள்ளி ஆசிரியரின் பத்து வருஷச் சம்பளத்துக்கும் மேலே. ஹென்லி தெருக் கையுறைக்கடை எதற்கு முகப்பாக இருந்தது என்று இப்போது புரியும்.

இதில் ஒன்று கவனிக்க வேண்டும். இந்த வழக்குகளை அரசு தானாகக் கண்டுபிடித்துப் போடவில்லை. தகவல் கொடுப்பதையே பிழைப்பாக வைத்திருந்த ஆட்கள் இருந்தார்கள், அபராதத்தில் பாதி அவர்களுக்கு. அதனால் வழக்கு வந்ததாலேயே ஜான் ஊரில் மோசமான ஆள் என்று ஆகிவிடாது, பிடிபட்ட ஆள் என்று மட்டும் ஆகும். 2018-ல் கிளின் பாரி என்ற வரலாற்றாளர் லண்டன் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து புதிதாகச் சில ஆவணங்களை எடுத்துக் காட்டிய பிறகு, அரசோடு ஜானுக்கு இருந்த பணத் தகராறு முன்பு நினைத்ததுபோல 1570-களின் தொடக்கத்தோடு முடியாமல் 1583 வரை இழுத்தது தெரிந்தது. வில்லியமுக்கு அப்போது பத்தொன்பது வயது, கல்யாணமாகி ஒரு குழந்தையும் பிறந்திருந்தது.

மகனின் நாடகங்களில் தோல், கையுறை உவமைகள் நிறைய. ஆனால் எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது 'தி வின்டர்ஸ் டேல்' நாடகத்தில் வரும் இடையர் வீட்டுப் பையனின் மனக்கணக்கு: பதினொரு கிடாய்க்கு ஒரு டாட் கம்பளி, டாட்டுக்கு ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும், ஆயிரத்து ஐந்நூறு உருப்படி மயிர் கத்தரித்தாகிவிட்டது, ஆக எவ்வளவு? பையனுக்குக் கணக்கு வரவில்லை. போட்டுப் பார்த்தால் 143 பவுண்டு வருகிறது. டாட் என்ற சொல்லையும், ஒரு டாட்டுக்கு எத்தனை ஆடு என்பதையும் நாடகக் கொட்டகையில் யாரும் கற்றுக்கொள்வதில்லை.

1576-க்குப் பிறகு

அந்த வருஷக் கடைசியில் அரசு கம்பளி இடைத்தரகர்களை ஒட்டுமொத்தமாக நெருக்கியது, வியாபாரத்தை நிறுத்திவைத்தது. அதே சமயத்தில்தான், அதுவரை கூட்டம் தவறாத ஜான் நகரமன்றப் பக்கமே போவதை நிறுத்துகிறார். இரண்டுக்கும் நடுவே சங்கிலி போட்டு இணைக்கும் ஆவணம் எதுவும் இல்லை, காலம் மட்டும் பொருந்துகிறது. பிறகு நடந்தவை:

1. 1578: ஏழைகளுக்காக ஆல்டர்மேன்கள் வாரம் 4 பென்ஸ் தர வேண்டும். ஜான் தர வேண்டியதில்லை என்று சக உறுப்பினர்களே தீர்மானம் போட்டார்கள்.

2. அதே வருஷம் நவம்பர்: மேரியின் ஆஸ்பீஸ் நிலத்தை 40 பவுண்டுக்கு அடமானம் வைத்தார்கள். வாங்கியவர் எட்மண்ட் லாம்பர்ட், மேரியின் அக்கா புருஷன். 1580 செப்டம்பர் கடைசிக்குள் திருப்ப வேண்டும்.

3. 1579: ஸ்னிட்டர்ஃபீல்டில் மேரிக்கு இருந்த பங்கை 4 பவுண்டுக்கு விற்றார்கள்.

4. 1580: கோர்ட்டில் ஆஜராகாததற்கு 20 பவுண்டு அபராதம். நாட்டிங்ஹாமைச் சேர்ந்த ஒரு தொப்பிக்காரருக்கு ஜாமீன் நின்று, அந்த ஆள் வராததால் இன்னொரு 20.

5. 1586: "கூப்பிட்டாலும் வருவதில்லை, வெகுநாளாக வரவும் இல்லை" என்று எழுதி ஆல்டர்மேன் பதவியிலிருந்து எடுத்தார்கள். பத்து வருஷம் பொறுத்தார்கள் என்பதையும் இதிலேயே படிக்கலாம்.

ஆஸ்பீஸ் என்ன ஆனது? 1580-ல் நாங்கள் 40 பவுண்டைக் கொண்டுபோனோம், லாம்பர்ட்தான் வாங்க மறுத்தார், மற்ற பாக்கியையும் கொடுத்தால்தான் ஆச்சு என்றார் என்பது ஷேக்ஸ்பியர் தரப்பு வாதம். லாம்பர்ட் 1587-ல் இறந்ததும் அவர் மகன்மேல் வழக்கு. 1588-ல் தொடங்கிய அந்த வழக்கில் வில்லியமின் பெயரும் வருகிறது, 1597-ல் வேறு கோர்ட்டில் மறுபடி முட்டிப் பார்த்தார்கள். நிலம் திரும்பவே இல்லை. சொந்தக்காரரிடம் அடமானம் வைத்தால் நம்மைக் கைவிட மாட்டார் என்று நினைப்பது எல்லா ஊரிலும் உண்டுபோல.

இத்தனைக்கும் ஹென்லி தெரு வீடு கைவிட்டுப் போகவில்லை. அதனால் 'நடுத்தெருவுக்கு வந்தார்' என்பதும் மிகை. சொத்து இருந்தது, கையில் காசு இல்லை, கடன் கேட்டு வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க வேண்டியிருந்தது. அந்த மாதிரி ஆள்.

சர்ச்சுக்கு வராதவர்கள் பட்டியல்

1592-ல், ஸ்ட்ராட்ஃபோர்டு இருக்கும் வாரிக்ஷயர் மாவட்டத்தில், மாதம் ஒரு தடவையாவது சர்ச்சுக்கு வராதவர்கள் யார் யார் என்று பட்டியல் எடுத்தார்கள், ஒளிந்திருக்கும் கத்தோலிக்கர்களைப் பிடிக்கத்தான். ஜான் பெயர் அதில் இருக்கிறது. கத்தோலிக்கர் என்று வாதிடுபவர்கள் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் அவரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு எதிரே அதிகாரிகள் தனியாகக் குறித்திருக்கிறார்கள்: இவர்கள் கடன் வழக்குக்குப் பயந்து வருவதில்லை என்று சொல்லப்படுகிறது. சர்ச்சில் ஊரே கூடும், தேடுகிறவனுக்கு அதைவிட வசதியான இடம் ஏது.

அதைச் சாக்கு என்றும் சொல்லலாம். சர்ச்சுக்கு வராததற்குப் பணமாக அபராதம் விதிக்கும் சட்டம் இருக்கும்போது மதத்தை மறைத்துக் கடனைக் காரணம் காட்டியவர்கள் இருந்திருக்கக்கூடும். 1563-64 நகரக் கணக்கில், ஜான் பொருளாளராக இருந்தபோது, சிற்றாலயத்திலிருந்த பழைய கத்தோலிக்கச் சித்திரங்களை அழிக்க 2 ஷில்லிங் செலவு எழுதியிருக்கிறது. அது அவருடைய விருப்பமா, மேலிட உத்தரவா? சுண்ணாம்பு பூசி மறைத்தார்களே தவிர முழுக்கச் சுரண்டி எடுக்கவில்லை, பின்னாளில் அவை வெளிப்பட்டன. இரண்டு பக்கமும் இழுக்கலாம். முந்தைய பதினைந்து வருஷத்து அடமானத்தையும் அபராதத்தையும் படித்துவிட்டு 1592-க்கு வருபவருக்கு, கடன் என்ற காரணம் சாக்காகத் தெரியாது.

பருந்து, ஈட்டி, ஒரு அடித்தல்

1596 அக்டோபரில் ஜானுக்குக் குலச்சின்னம் கிடைக்கிறது. பொன்னிறக் கவசத்தில் குறுக்காக ஒரு கறுப்புப் பட்டை, அதில் ஈட்டி, மேலே ஈட்டி பிடித்த பருந்து. 'ஷேக்', 'ஸ்பியர்' இரண்டும் சேர்ந்தால் ஈட்டியை ஆட்டுவது, பெயரையே படமாக்கியிருக்கிறார்கள். விண்ணப்பத்துக்குப் பின்னால் இருந்தது லண்டனில் சம்பாதித்துக்கொண்டிருந்த மகன் என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. தன் பெயரில் வாங்கினால் தான் புதுப்பணக்காரன், அப்பா பெயரில் வாங்கினால் தான் பிறவி ஜென்டில்மேன். அந்த ஆகஸ்டில்தான் வில்லியமின் ஒரே மகன் ஹாம்னெட் பதினொரு வயதில் இறந்திருந்தான், சின்னத்தைப் பேரன்வழி கொண்டுபோக ஆள் இல்லை.

1599-ல் ஆர்டன் குடும்பச் சின்னத்தையும் சேர்த்துக்கொள்ளக் கேட்டார்கள். அந்த வரைவுத்தாள் சுவாரசியமானது. முதலில் பார்க் ஹால் ஆர்டன்களின் சின்னத்தை வரைந்திருக்கிறார்கள், பெரிய இடம், பழைய வம்சம். பிறகு அதை அடித்துவிட்டு அருகே வேறொரு ஆர்டன் கிளையின் சின்னத்தை வரைந்திருக்கிறார்கள். பார்க் ஹால்காரர்களோடு வில்ம்கோட் ராபர்ட்டுக்கு உறவு உண்டென்று நிரூபிக்க முடியாமலிருக்கலாம், அல்லது 1583-ல் தேசத்துரோக வழக்கில் தூக்கிலிடப்பட்ட கத்தோலிக்கர் எட்வர்ட் ஆர்டன் அந்த வீட்டுக்காரர் என்பது உறுத்தியிருக்கலாம். தாயின் உறவைக் காட்டி ஷேக்ஸ்பியர் குடும்பத்தைக் கத்தோலிக்கத் தியாகிகளோடு சேர்ப்பவர்கள் அந்த அடித்தலையும் பார்த்துவிட்டுப் பேசலாம்.

1602-ல் ரால்ஃப் புரூக் என்ற சின்னத்துறை அதிகாரியே, தகுதியில்லாதவர்களுக்குச் சின்னம் கொடுத்துவிட்டார்கள் என்று தன் மேலதிகாரிமேல் புகார் எழுப்பினார். 23 பேர் பட்டியலில் ஷேக்ஸ்பியரும் உண்டு. 'நடிகன் ஷேக்ஸ்பியர்' என்று எழுதிய சின்னத்தின் படம் ஒன்று இன்றும் இருக்கிறது. பதில் சொன்னவர்கள் கையிலெடுத்தது ஜானின் பழைய பதவியை: இவர் ஸ்ட்ராட்ஃபோர்டில் நீதிபதியாக இருந்தவர், வசதியுள்ளவர், ஆர்டன் வீட்டு வாரிசைக் கட்டியவர். அதற்கு முந்தைய வருஷமே, 1601 செப்டம்பர் 8-ல், ஜானைப் புதைத்தாகிவிட்டது.

திரும்பவும் ஓட்டுக்கூரை

1757-ல் ஹென்லி தெரு வீட்டுக்கு ஓடு மாற்றும்போது உத்தரத்துக்கும் ஓட்டுக்கும் நடுவே அந்தக் கையெழுத்துச் சிறுபுத்தகம் கிடைத்தது. கத்தோலிக்கனாகவே சாவேன் என்ற உறுதிமொழி, ஷேக்ஸ்பியர் என்ற பெயரோடு. ஷேக்ஸ்பியர் பதிப்பாசிரியர் எட்மண்ட் மலோன் 1790-ல் அச்சிட்டார், சில வருஷத்தில் அவருக்கே சந்தேகம் வந்தது, அப்புறம் மூலப்பிரதி தொலைந்தது. போலி என்று பலர் ஒதுக்கினார்கள். 1923-ல் அதே வாசகத்தின் ஸ்பானிஷ் அச்சுப்பிரதி கிடைத்ததும் போலி வாதம் ஆட்டம் கண்டது: அது ஒரு பொதுப் படிவம், பெயருக்கு இடம் விட்டு வாங்குகிறவர் நிரப்பிக்கொள்வது. 1580-ல் ரகசியமாக இங்கிலாந்து வந்த ஏசு சபைப் பாதிரியார்கள் கொண்டுவந்தது, ஜான் நிரப்பினார் என்று கதை உறுதியானது.

ஸ்டெகிள் செய்தது எளிமையான வேலை. பல மொழிகளில் உள்ள பழைய பதிப்புகளைத் தேடி அந்த வாசகம் எப்போது எழுதப்பட்டது என்று பார்த்தார். ஜான் இறந்து சில வருஷம் கழித்துத்தான் இத்தாலிய மொழியில் அது உருவாகியிருக்கிறது என்பது அவர் முடிவு. பெயரின் முதலெழுத்து (ஆங்கில J) பொருந்துகிற, அந்தத் தேதிக்குப் பிறகும் உயிரோடிருந்த ஷேக்ஸ்பியர் ஒருவர்தான்: 1569-ல், அப்பா பெயிலிஃபாக இருந்தபோது பிறந்த ஜோன். தொப்பி செய்யும் வில்லியம் ஹார்ட்டைக் கட்டியவள், 1616 ஏப்ரலில் ஒரே வாரத்தில் கணவனையும் அண்ணனையும் இழந்தவள். அண்ணன் தன் உயிலில் அவளுக்கு 20 பவுண்டும் தன் துணிமணிகளும் எழுதி, ஹென்லி தெரு வீட்டில் சாகும்வரை குடியிருக்க வருஷம் 12 பென்ஸ் வாடகை என்று வைத்தார். அந்தக் கூரைக்குக் கீழே 1646 வரை இருந்தாள். ஓடு மாற்றியபோது வீட்டில் இருந்ததும் அவள் வம்சத்து ஹார்ட்கள்தான்.